முதியோரும் கலையாக்கமும்: காத்தோங் வழியே ஒரு நோக்கு

காத்தோங்கின் பழைய கடற்கரை இன்று காத்தோங்கில் இல்லை. 1966ஆம் ஆண்டில் தொடங்கிய கிழக்குக் கடற்கரை நிலமீட்புப் பணி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடைபெற்றுக் கடலைத் தெற்கே தள்ளிற்று. அலை புரண்ட இடத்தில் 1970களில் மரின் பரேட் குடியிருப்பு எழுந்தது. பழைய கரையை வரைபடம் ஒரு கோடாகக் காட்டும். அதன் காற்றையும் ஓசையையும் உடலால் அறிந்தோர் அங்கு வாழ்ந்த முதியோரே. அத்தகையோர் நினைவை எவ்வாறு போற்றுவது என்னும் வினாவிற்குச் சிங்கப்பூர் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடைகளைக் கண்டது.

முதல் விடை, பதிவு செய்தல். 1979இல் அரசு வாய்மொழி வரலாற்றுப் பிரிவைத் தொடங்கிற்று. முதியோர் பலர்தம் குரல்கள் ஒலிநாடாவில் காக்கப்பெற்றன. அரிய பணி இது. எனினும், இம்முறையில் வினாத் தொடுப்பவர் ஒருவர். விடை பகர்பவர் மற்றொருவர். முதியவர் இங்குச் சான்று கூறுபவரே, படைப்பவர் அல்லர்.

இரண்டாம் விடை, அரங்கேற்றல். இங்கிலாந்தில் பாம் ஷ்வைட்சர் 1983இல் நிறுவிய ஏஜ் எக்ஸ்சேஞ்ச் அமைப்பு, முதியோர் நினைவுகளை நாடகமாக்கியது. பின்னர் முதியோரே மேடை ஏறினர். சிங்கப்பூரில் 1987இல் தோன்றிய தி நெசசரி ஸ்டேஜ் நாடகக் குழு, 2000ஆம் ஆண்டில் காத்தோங்கை அடுத்த மரின் பரேட் சமூகக் கட்டடத்தில் குடிபுகுந்தது. அக்குழு 2009இல் முதியோருக்கான நாடகத் திட்டத்தைத் தொடங்கிற்று. நடிப்புப் பயிற்சி பெற்ற முதியோர் தாமே மேடையில் தோன்றினர். கதை தந்தவர் கலைஞராயினார், இம்மாற்றம் சிறிதன்று.

இவ்வினா தமிழர்க்குப் புதியதுமன்று. காத்தோங்கின் சிலோன் சாலையில் செண்பக விநாயகர் ஆலயத்தைப் பேணி வளர்த்தவர் இலங்கைத் தமிழர். அவர்தம் தாயகத்திலும் இவ்வினா எழுந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் ‘கர்ணன் போர்’, பின்னர் ‘இராவணேசன்’ ஆகிய கூத்துகளை மேடையேற்றினார். ஆட்டமும் தாளமும் அறிந்த அண்ணாவியார் மாணவர்க்குக் கற்பித்தார். விடிய விடிய ஆடிய கூத்து நகர மேடைக்கேற்பச் சுருங்கிற்று. அம்முயற்சி கூத்திற்கு மதிப்பைத் தேடித் தந்தது. ஆயினும், எதைச் சுருக்குவது, எதை விடுப்பது என்னும் முடிவு பெரிதும் கற்றோர் கையில் இருந்தது. பின்னாளில் மட்டக்களப்பில் சி. ஜெயசங்கர் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கம், அம்முடிவை அண்ணாவியாரும் கலைஞரும் ஊராரும் கூடிப் பேசி எடுக்க வழி செய்தது.

இவற்றை ஒப்புநோக்கின் ஓர் உண்மை புலனாகும். முதியோரோடு கலை படைத்தல் என்பது அவர் நினைவைப் பெற்றுக்கொள்ளுதல் மட்டுமன்று. எதைச் சொல்வது, எதைச் சொல்லாது விடுவது, எவ்வாறு முடிப்பது என்பவற்றில் அவருக்கும் உரிமை வேண்டும். அவ்வுரிமை இல்லாவிடின், மேடை ஏறிய முதியவரும் பிறர் எழுதிய முதுமையையே நடிப்பவராவார்.

தமிழாசிரியர் இதனை வகுப்பறையிலும் செய்துகாட்டலாம். பாட்டனாரிடம் வினாப்பட்டியலோடு செல்லும் மாணவன் குறிப்புகளோடு திரும்புவான். எழுதியதை அவர்முன் படித்துக் காட்டி, அவர் திருத்தியவாறு மீண்டும் எழுதுபவனோ இருவர்க்கும் உரிய ஒரு படைப்போடு திரும்புவான். தூர்ந்த கடலை மீட்க இயலாது. அதனைக் கண்டவர் நம்மிடையே உள்ளவரை, அவரோடு சேர்ந்து அதனை எழுத இயலும்.