கொட்டிப் பேரினத்தின் வகைப்பாடும் உலகப் பரவலும்: ஒற்றைச் சான்றின் போதாமை

முன்னுரை

மழைக்குப் பின் நிரம்பும் குட்டைகளிலும் வயலோரப் பள்ளங்களிலும் நீள்வட்ட இலைகளை நீர்மேல் பரப்பி, இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த சிறு கதிரை உயர்த்தி நிற்பது கொட்டி. இதன் கிழங்கைத் தமிழ்நாட்டு ஊர்ப்புறத்தார் அவித்து உண்பதுண்டு. தாவரவியலார் இதை அப்போனோகெட்டான் நேட்டன்ஸ் என்பர். இச்செடி இடம்பெறும் அப்போனோகெட்டான் பேரினத்தில் ஏறத்தாழ 60 சிற்றினங்கள் உள்ளன. ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா, நியூகினி, ஆஸ்திரேலியா ஆகியவை இவற்றின் இயற்கை வாழிடங்கள். அமெரிக்கக் கண்டங்களிலும் ஐரோப்பாவிலும் மனிதர் கொண்டுசென்றவை தவிர வேறில்லை. அப்போனோகெட்டேசி என்னும் குடும்பத்தில் இருப்பதும் இந்த ஒரு பேரினம் மட்டுமே.

இப்பேரினத்தைப் பற்றிய ஆய்வில் இரு கேள்விகள் ஒன்றோடொன்று பிணைந்துள்ளன. இதன் சிற்றினங்களை எந்த அடிப்படையில் பகுப்பது? கடல்களால் பிரிக்கப்பட்ட இத்தனை நிலங்களில் இது பரவியது எவ்வாறு? இரண்டிலும் கண்ணுக்கு எளிதில் படும் ஒரு பண்பையோ ஒரு புவியியல் நிகழ்வையோ மட்டும் சான்றாகக் கொள்வது பிழையான முடிவுக்கே இட்டுச் செல்லும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

பெயரும் இடமும்

லின்னேயஸ் 1771இல் கொட்டியைச் சாருரஸ் என்னும் பேரினத்தில் சேர்த்து, சாருரஸ் நேட்டன்ஸ் எனப் பெயரிட்டார். ஈரநிலத்தில் வளர்வதும் சிறு பூக்கள் நெருங்கிய கதிரைத் தாங்குவதும் இரண்டுக்கும் பொது. ஆனால் சாருரஸ் மிளகின் உறவுடையது. கொட்டியோ ஒருவித்திலைத் தாவரம். பதினோரு ஆண்டுகளுக்குப் பின், 1782இல், அவருடைய மகன் இளைய லின்னேயஸ் அப்போனோகெட்டானைத் தனிப் பேரினமாக நிறுவினார். பிளான்ஷோன் 1856இல் குடும்பத்தை வரையறுத்தார். 1906இல் எங்லரும் கிராவுசேயும் முதல் விரிவான தொகுப்பை வெளியிட்டனர். டச்சு ஆய்வாளர் வான் புருகன் பல்லாண்டு உழைப்பின் பயனாக 1985இல் வெளியிட்ட தனிநூலே இன்றுவரை அடிப்படை நூலாக இருக்கிறது.

மரபணுத் தொடர்களின் சான்று இப்பேரினத்தை அலிஸ்மட்டேல்ஸ் வரிசையில் உறுதியாக நிறுத்தியது. கடற்புற்களை உள்ளடக்கிய கிளைக்கு அருகில் அதன் இடம் அமைகிறது. குளத்தில் பக்கத்திலேயே மிதக்கும் ஆம்பலோடு இதற்கு நெருங்கிய உறவு எதுவும் இல்லை. மன்னார் வளைகுடாவின் அடித்தளத்தில் வளரும் கடற்புல்லே கொட்டிக்கு நெருங்கிய சுற்றம். ஒரே நீரில் வாழ்வது ஒரே மரபுக்குச் சான்றாகாது என்பதற்கு இது முதல் எடுத்துக்காட்டு.

கதிரின் கிளைகள்

பேரினத்திற்குள் சிற்றினங்களைப் பகுக்க நெடுங்காலம் பயன்பட்ட பண்பு, பூக்காம்பின் நுனியில் எத்தனை கதிர்கள் உள்ளன என்பது. ஆசிய, ஆஸ்திரேலியச் சிற்றினங்கள் பெரும்பாலும் ஒற்றைக் கதிர் கொண்டவை. ஆப்பிரிக்காவில் இரட்டைக் கதிர் மிகுதி. மடகாஸ்கரில் இரண்டு முதல் பல கதிர்கள் வரை காணலாம். எண்ணுவதற்கு எளிதானதாலும் நில எல்லைகளோடு பெரிதும் பொருந்துவதாலும் இப்பண்பு நம்பிக்கை பெற்றது.

இந்தப் பொருத்தத்தைக் குலைக்கும் செடி மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ளது. மகாராட்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்தில், செம்பூரான் பாறைமேடுகளில் மழைக்காலத்தில் மட்டும் தேங்கும் நீரில் வளரும் அப்போனோகெட்டான் சாத்தாரென்சிஸ் 1982இல் விவரிக்கப்பட்டது. இதன் கதிர் இரண்டாகக் கிளைக்கிறது. ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. இவ்விரு பண்புகளும் ஆசியச் சிற்றினங்களுக்குப் பொதுவானவை அல்ல. மடகாஸ்கரில் தனிப்பால் செடிகள் உண்டு, அவற்றுள் ஒன்றுக்கு டையீகஸ் என்பதே பெயர். சாத்தாராச் செடி மேற்கிலிருந்து வந்த மரபின் எச்சமாகவும் இருக்கலாம். இப்பண்புகள் அதனிடம் தனியாகத் தோன்றியவையாகவும் இருக்கலாம். கதிரை எண்ணி இதைத் தீர்க்க முடியாது. கிளைத்தல் மீண்டும் மீண்டும் தோன்றவும் மறையவும் கூடிய பண்பு என்றால், அதன்மேல் எழுப்பிய பிரிவுகள் மரபுவழிப் பிரிவுகளாகா.

பூவிதழ்களின் எண்ணிக்கை வேறு விதமாகப் பயன்படுகிறது. கொட்டியின் பூவில் இரண்டு இதழ்கள், ஆறு மகரந்தத்தாள்கள், பொதுவாக மூன்று சூலிலைகள். பேரினத்தின் பெரும்பாலான சிற்றினங்களுக்கு இரண்டு இதழ்களே. தென்னாப்பிரிக்காவின் அப்போனோகெட்டான் டிஸ்டாக்கியோசுக்கு ஒன்று. மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையில், பெர்த் நகரைச் சூழ்ந்த களிமண் குட்டைகளில் வாழும் அப்போனோகெட்டான் ஹெக்சாடெப்பாலசுக்கு மட்டும் ஆறு. ஒருவித்திலைத் தாவரங்களின் பழைய அமைப்பு ஆறு இதழ்களே என்பதால் இச்செடி முதலில் பிரிந்த கிளையாக இருக்கலாம் என்று கருத இடமுண்டு. மரபணு ஆய்வுகளும் எஞ்சிய அனைத்துக்கும் உடன்பிறப்பாக இதையே நிறுத்துகின்றன. கதிர் எண்ணிக்கை தவறிய இடத்தில் இதழ் எண்ணிக்கை பொருந்தியது அதன் தனி வலிமையால் அன்று. இன்னொரு சான்று வந்து அதை உறுதிசெய்ததால்.

இலையைக் கொண்டு பிரித்தது

மடகாஸ்கரின் ஓடைகளில் வளரும் அப்போனோகெட்டான் மடகாஸ்கரியென்சிஸின் இலையில் நரம்புகளின் வலை மட்டுமே மிஞ்சியிருக்கும், இடைத்திசு இல்லை. இந்த வியப்பான தோற்றத்தால் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதற்கு அவ்விராண்ட்ரா என்ற தனிப் பேரினமே வகுக்கப்பட்டது. இலை உருவாகும் முறையை அருகில் நோக்கினால் அந்தப் பிரிவு தேவையற்றது எனத் தெரியும். இளம் இலை துளையின்றியே விரிகிறது. குறுக்கும் நெடுக்குமான நரம்புகள் அதைச் சிறு கட்டங்களாகப் பகுக்கின்றன. ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் உள்ள செல்களின் சிவப்பு நிறமி முதலில் மங்குகிறது. அவை கண்ணாடிபோல் தெளிந்து இறக்கின்றன. அங்கே தோன்றும் துளை ஓரங்களை நோக்கி விரிந்து, நரம்புக்கு நான்கைந்து செல்கள் இருக்கும்போது நின்றுவிடுகிறது. எஞ்சிய விளிம்பு செல்கள் தக்கைத்தன்மை பெற்று ஓரத்தை மூடுகின்றன. திட்டமிட்ட செல் இறப்பை ஆராய்வதற்கு இச்செடி இன்று உலகெங்கும் பயன்படுகிறது. பூவும் கனியும் அப்போனோகெட்டானுக்கே உரியவை. இலையின் வளர்ச்சியில் ஒரு கட்டம் கூடியிருக்கிறது, அவ்வளவே. 1968இல் வான் புருகன் இதற்கு இன்றைய பெயரைத் தந்தார்.

கிழங்கும் வற்றும் நீரும்

இப்பேரினத்தின் பரவலை விளங்கிக்கொள்ளக் கிழங்கிலிருந்து தொடங்க வேண்டும். பெரும்பாலான சிற்றினங்கள் மாவுச்சத்து நிறைந்த கிழங்கைச் சேற்றில் புதைத்து வறட்சியைக் கடக்கின்றன. குளம் வற்றினாலும் அங்கேயே இருப்பவை என்று கொட்டி, ஆம்பல், நெய்தல் மூன்றையும் மூதுரை உவமையாக்கியது இந்த இயல்பை நேரில் கண்டறிந்தே. தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் குளிர்கால மழையில் நிரம்பும் குட்டைகளும், சாத்தாராவின் பாறைமேட்டு நீர்த்தேக்கங்களும், பெர்த்தின் களிமண் பள்ளங்களும் தட்பவெப்பத்தில் வேறுபட்டாலும் ஆண்டின் ஒரு பகுதியில் வறண்டுபோவதில் ஒன்றே.

விதிவிலக்கு இலங்கையில் உள்ளது. தென்மேற்கின் ஈரவலயத்தில் எப்போதும் ஓடும் நீரில் வாழும் அப்போனோகெட்டான் ரிஜிடிஃபோலியசுக்குக் கிழங்கே இல்லை. படர்ந்து நீளும் வேர்த்தண்டுதான் உண்டு. வற்றாத நீரில் கிழங்கு தேவையற்றுப் போயிற்று எனலாம். உலகில் வேறெங்கும் இல்லாத இச்செடியின் இருப்பு அந்த ஓடைகளின் இருப்பையே நம்பியுள்ளது.

கடல்களைக் கடந்த கதை

ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இந்தியா, ஆஸ்திரேலியா என்ற பட்டியலைப் பார்த்ததும் கோண்டுவானாப் பெருநிலம் உடைந்ததே காரணம் என்று சொல்லத் தோன்றும். கால அளவு இதற்கு இடங்கொடுக்கவில்லை. மடகாஸ்கரும் இந்தியாவும் அடங்கிய நிலத்துண்டு ஆப்பிரிக்காவிலிருந்து விலகத் தொடங்கியது ஏறத்தாழ 16 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. இப்பேரினத்தின் அறியப்பட்ட மிகப் பழைய புதைபடிவத்தின் வயது அதில் ஏறத்தாழ பாதிதான்.

அந்தப் புதைபடிவம் கிடைத்த இடம் இன்னும் முக்கியமானது. கிரிம்சன் முதலியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் 8.2 முதல் 8.1 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய படிவுகளிலிருந்து அப்போனோகெட்டான் மகரந்தத்தூள் விவரிக்கப்பட்டது. மேற்குக் கிரீன்லாந்தின் 4.4 முதல் 4 கோடி ஆண்டுப் பழமையான படிவுகளிலும் அது கிடைத்தது. வலைப்பின்னல் போன்ற புறச்சுவரும் அதன்மேல் நுண்முட்களும் கொண்ட அத்தூளை மின்னணு நுண்ணோக்கியில் இனங்காண முடிகிறது. இன்று ஒரு சிற்றினமும் இயற்கையாக வளராத வட அமெரிக்காவிலும் பனி மூடிய கிரீன்லாந்திலும் இப்பேரினம் ஒருகாலத்தில் வாழ்ந்திருக்கிறது. எனவே இன்றைய வரைபடம் பழைய பரவலில் மிஞ்சிய பகுதியையே காட்டுகிறது. தோன்றிய இடத்தை அதைக்கொண்டு மட்டும் குறிக்க இயலாது.

ஒவ்வொரு இடைவெளிக்கும் தனித்தனிக் காரணம் தேடுவதே முறை. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பொதுவான கொட்டிக்கு நீண்ட கடற்பயணம் தேவைப்படவில்லை. பனியூழிகளில் கடல்மட்டம் தாழ்ந்தபோது பாக் நீரிணை நிலமாக இருந்தது. மடகாஸ்கருக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையே நிலவழி இல்லாததால் கடல்தாண்டிய பரவலை ஏற்றே ஆகவேண்டும். இதில் தடையும் உண்டு: பல சிற்றினங்களின் விதை உதிர்ந்ததும் முளைக்கிறது, நெடுநாள் உலர்ந்து கிடப்பதில்லை. நீர்ப்பறவைகளின் காலில் ஒட்டிய சேறு போன்ற அரிய வாய்ப்புகள் கோடிக்கணக்கான ஆண்டுகளில் சிலமுறை நிகழ்ந்தாலே போதும். வடநிலங்களில் அற்றுப்போனதற்குப் பிற்காலக் குளிர்ச்சி பொருத்தமான விளக்கம். ஆக, பிரிவு, பரவல், அழிவு என மூன்றும் இந்த வரைபடத்தில் படிந்துள்ளன.

முடிவுரை

சாருரஸ் என்ற பிழை கதிரைப் பார்த்து நேர்ந்தது. அவ்விராண்ட்ரா என்ற தேவையற்ற பேரினம் இலையைப் பார்த்து எழுந்தது. கோண்டுவானா விளக்கம் நிலப்படத்தைப் பார்த்து எழுகிறது. மூன்றும் ஒரே குறையுடையவை. பூவின் அமைப்பு, வளர்ச்சிமுறை, மகரந்தத்தூள், மரபணு, புதைபடிவம் ஆகியவை ஒன்றையொன்று சோதிக்கும் இடத்தில்தான் நம்பத்தக்க வகைப்பாடு பிறக்கிறது.

இதற்குத் தமிழ் ஆய்வாளர்கள் செய்யக்கூடிய பணி பெரிது. கொட்டி வாழும் குட்டைகள் ஆண்டுதோறும் தூர்க்கப்படுகின்றன. பருவக் குட்டை வெற்றிடமாகவே எண்ணப்படுகிறது. கல்லூரித் தாவரவியல் துறைகள் ஒவ்வொன்றும் தம் வட்டாரக் குட்டைகளில் மழைக்காலந்தோறும் கொட்டியைப் பதிவுசெய்ய வேண்டும். உலர்ந்த இலையும் பூவும் மட்டும் போதா. கிழங்கு, முதிர்ந்த கனி, சாராயத்தில் இட்ட பூ, சிலிக்கா ஜெல்லில் உலர்த்திய இலைத்துண்டு ஆகியவற்றையும் சேர்த்து, கோயம்புத்தூரிலுள்ள தாவரவியல் மதிப்பாய்வு நிறுவன உலர்தாவரகத்திலும் பேராதனைத் தேசிய உலர்தாவரகத்திலும் வைப்பது நம் கடமை. குட்டை மண்மேடான பிறகு இச்சான்றுகளில் எதையும் திரும்பப் பெற முடியாது.