தாக், மாடம், சுவர்ப்பலகை: இந்திய இல்லச் சுவரில் படம் ஏறிய வரலாறு

இந்தியில் 'தாக் பர் ரக்னா' என்றொரு மரபுத்தொடர் உண்டு. 'மாடத்தில் வைத்தல்' என்பது அதன் நேர்பொருள். விதியையோ நெறியையோ பொருட்படுத்தாது ஒதுக்கிவிடுதல் என்பது அதன் வழக்குப்பொருள். ஆனால் அதே மாடத்தில்தான் விளக்கும் தெய்வத் திருவுருவும் வைக்கப்பட்டன. உயரத்தில் வைப்பது போற்றுவதாகவும் அமையலாம், ஒதுக்குவதாகவும் அமையலாம். இந்திய இல்லங்களில் படங்களைச் சுவரில் வைக்கும் வழக்கத்தின் வரலாறு இந்த இருபொருளுக்கு இடையே நகர்ந்து வந்திருக்கிறது.

'தாக்' என்னும் சொல் பாரசீகத்தின் வழியே இந்திக்கும் உருதுவுக்கும் வந்தது. வளைவு அல்லது வளைவுக்கூரை என்பதும் அதன் பொருள். ஈராக்கில் எஞ்சி நிற்கும் சாசானியர் அரண்மனைப் பெருவளைவின் பெயரான 'தாக்-இ-கிஸ்ரா'வில் அப்பொருளைக் காணலாம். மராத்தியில் சுவர்மாடத்தைக் குறிக்கும் 'தேவளி' கோயிலைக் குறிக்கும் 'தேவூள்' என்னும் சொல்லோடு உறவுடையது. தமிழில் 'மாடம்' அடுக்குமாளிகையையும் குறிக்கும், அகல்விளக்கு வைக்கும் சுவர்க்குழியையும் குறிக்கும். மூன்று மொழிகளிலும் சுவரிலுள்ள சிறுகுழி ஒரு பெருங்கட்டடத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. மாடம் அறைக்கலன் அன்று, கட்டடத்தின் உறுப்பு என்பதை இச்சொற்கள் உணர்த்துகின்றன.

மண்ணாலும் செங்கல்லாலும் கல்லாலும் எழுப்பப்பட்ட தடித்த சுவர்களே மாடத்திற்கு இடமளித்தன. மரம் வேண்டியதில்லை, சுவரின் கனமே போதும். முகலாயர் காலத்தில் பீங்கான் கலங்களை அடுக்கிவைக்கும் மாட வரிசை 'சீனிகானா' எனப்பட்டது. ஆக்ராவில் 1622க்கும் 1628க்கும் இடையே கட்டப்பட்ட இத்திமாத்-உத்-தவ்லா கல்லறையின் சுவர்களில் குடுவைகளும் மலர்ச்சாடிகளும் கல்பதிப்பாகவும் ஓவியமாகவும் இடம்பெற்றுள்ளன. மாடத்தில் பொருளை வைக்கும் வழக்கம் அங்கே அலங்கார மரபாகவே மாறிவிட்டது எனலாம்.

எனினும் மாடத்தில் இருந்தவை கலமும் விளக்கும் உருவமுமே, படம் அன்று. காமசூத்திரம் விவரிக்கும் நாகரிகனின் அறையில் முளையில் மாட்டிய வீணையும் சித்திரப் பலகையும் தூரிகைப் பெட்டியும் உண்டு. அங்கே படம் என்பது கையில் எடுத்துத் தீட்டும் பொருள். முகலாய, ராஜபுத்திர அரசவைகளின் தாள் ஓவியங்கள் 'முரக்கா' எனும் தொகுப்பேடுகளில் கோக்கப்பட்டோ துணியில் பொதியப்பட்டோ பாதுகாக்கப்பட்டன. சுவருக்குரிய ஓவியமோ சுவரிலேயே தீட்டப்பட்டது. மிதிலையின் மணவறைச் சித்திரங்களும் சேகாவதி மாளிகைகளின் சுவரோவியங்களும் இதற்குச் சான்று. தஞ்சாவூர்ப் பலகை ஓவியங்கள் போன்ற விதிவிலக்குகள் இருந்தன. ஆயினும் அவை எளியோர் வீட்டுக்கு எட்டாதவை.

இந்நிலையை மாற்றியது அச்சு. 1878இல் கல்கத்தா ஆர்ட் ஸ்டுடியோவும் புனேயின் சித்திரசாலை அச்சகமும் தோன்றின. 1894இல் ரவி வர்மா தம் அச்சகத்தைப் பம்பாயில் நிறுவினார். பின்னர் அது லோனாவலா அருகிலுள்ள மளவலிக்கு இடம்பெயர்ந்து, ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்னும் ஜெர்மானியத் தொழில்நுட்பரின் கைக்கு மாறியது. அரண்மனைக்குரிய இலக்குமியும் சரசுவதியும் வண்ணக் கல்லச்சுப் படங்களாகக் குடியானவர் வீடுவரை சென்று சேர்ந்தனர்.

கண்ணாடியிட்ட அகன்ற சட்டகம் குறுகி ஆழ்ந்த மாடத்தில் அடங்காது. ஆகவே சட்டகத்தின் கீழ்விளிம்பை இரு ஆணிகளோ ஒரு மெல்லிய மரப்பலகையோ தாங்க, மேல்விளிம்பைக் கயிற்றால் கட்டிச் சற்றே முன்சாய்த்து வைக்கும் முறை பரவியது. விக்டோரியா காலத்து ஆங்கில இல்லங்களில் உயரே ஓடும் மரச்சட்டத்திலிருந்து படங்கள் தொங்கின. இங்கோ படம் அடியிலிருந்து தாங்கப்பட்டது. முன்சாய்வுக்கும் காரணம் உண்டு. தரையில் அமர்ந்திருப்போர் படத்தைக் காண வேண்டும், படத்திலுள்ள தெய்வமும் அவர்களைக் காண வேண்டும். பலகையின் விளிம்பு பூவுக்கும் ஊதுபத்திக்கும் இடமாயிற்று. மாடம் ஆற்றிய பணியைப் பலகை ஏற்றுக்கொண்டது.

அப்பலகையில் தெய்வங்கள் மட்டும் அமரவில்லை. அச்சுப்படங்களின் அரசியலைக் கிறிஸ்டோபர் பின்னி 2004இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். 1910ஆம் ஆண்டின் பத்திரிகைச் சட்டத்திற்குப் பின் படங்களும் அரசின் கண்காணிப்புக்கு உள்ளாயின. 1931 மார்ச் 23இல் பகத்சிங் தூக்கிலிடப்பட்ட பின், தொப்பியணிந்த அவர் உருவம் அச்சுப்படங்களில் பரவியது. அவற்றுள் சில தடைசெய்யப்பட்டன. வீட்டுச் சுவரில் எந்தப் படத்தை வைப்பது என்பது ஒரு நிலைப்பாடாக மாறிய காலம் அது.

அந்நிலைப்பாடு மிகக் கூர்மை பெற்றது 1956இல். அவ்வாண்டு அக்டோபர் 14இல் நாகபுரியில் அம்பேத்கரும் அவரைப் பின்பற்றிய இலட்சக்கணக்கானோரும் பௌத்தம் தழுவினர். அன்று அவர் ஏற்பித்த 22 உறுதிமொழிகளுள் முதல் மூன்றும் பழைய தெய்வ வழிபாட்டைத் துறப்பவை. மேடையில் ஏற்ற உறுதிமொழி வீட்டுச் சுவரில் நடைமுறை ஆயிற்று. பழைய படங்கள் இறங்கிய இடத்தில் புத்தரும் அம்பேத்கரும் அருகருகே அமர்ந்தனர். கோயில் வாயில் மறுக்கப்பட்ட மக்களுக்கு, தம் வீட்டுச் சுவரில் எவர் அமர்வது என்பதைத் தாமே தீர்மானிப்பது அலங்காரம் சார்ந்த செயல் அன்று, தன்மதிப்பின் அறிவிப்பு.

ஆனால் அதே அம்பேத்கர் 1949 நவம்பர் 25இல் அரசியல் நிர்ணய சபையில் வேறொன்றையும் எச்சரித்திருந்தார். சமயத்தில் பக்தி விடுதலைக்கு வழியாகலாம், அரசியலில் அது வீழ்ச்சிக்கும் இறுதியில் சர்வாதிகாரத்திற்கும் வழி என்பது அவர் கருத்து. அவர் படத்தை உயரத்தில் வைத்துவிட்டு அவர் சொன்னதை மறப்பவர்கள், இந்தி மரபுத்தொடர் உணர்த்தும் பொருளிலேயே அவரைத் 'தாக்'கில் வைப்பவர்கள் ஆகின்றனர்.

இன்றைய அடுக்ககச் சுவர்கள் பெரும்பாலும் அரைச்செங்கல் கனமே உடையவை. மாடம் குடையுமளவு கனம் அவற்றில் இல்லை. படங்களைச் சாய்த்துவைக்கும் மெல்லிய பலகைகள் இப்போது அலங்காரப் பொருளாக விற்பனையாகின்றன. ஆணியடிக்காமல் விரும்பியபோது படங்களை மாற்றிக்கொள்ளலாம் என்பதே அவற்றின் சிறப்பாகச் சொல்லப்படுகிறது. 'தாக்' என்னும் சொல்லை மரபுத்தொடரில் மட்டுமே அறிந்த ஒரு தலைமுறை நகரங்களில் வளர்ந்துவிட்டது. குழி மறைந்தாலும் அதன் இருபொருள் மறையவில்லை. பலகையில் ஏறும் ஒவ்வொரு படத்தையும் அது போற்றப்படுகிறதா, ஒதுக்கப்படுகிறதா என்ற பழைய கேள்வி தொடர்ந்தே வருகிறது.