துடுப்பும் வெற்றிட அறையும்

மட்டக்களப்பு வாவியில் நிலாக் காலங்களில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்பது பழைய வழக்கம். பாடும் மீன் என்று நாம் பெருமையோடு சொல்லும் அந்த ஓசை நீருக்குள் பிறப்பது; காற்றுக்கு வரும்போது மெலிந்துவிடும். 1848இல் இங்கு வந்த எமர்சன் டெனன்ட்டும் தோணிப் பலகையில் காதை வைத்தபோது ஓசை வலுத்ததாக எழுதியிருக்கிறார். பாடுவது மீனன்று, ஊரி என்றே மீனவர்கள் அவருக்குச் சொன்னார்கள்.

லேசர் பிளாஸ்மா உமிழும் மென் எக்ஸ் கதிர்களை அளந்த கதையைப் படிக்கும்போது அந்தத் துடுப்பே நினைவுக்கு வந்தது.

1960 மே மாதத்தில் மைமன் முதல் லேசரை ஒளிரச் செய்தார். சில ஆண்டுகளுக்குள், அதன் துடிப்பை உலோகத் தகட்டில் குவித்தால் அந்தப் புள்ளி பல இலட்சம் பாகை வெப்பமுள்ள பிளாஸ்மாவாக மாறுவதைக் கண்டனர். அதிலிருந்து வெளிவருவதில் கணிசமான பகுதி மென் எக்ஸ் கதிர். மருத்துவமனையில் படம் பிடிக்கும் கதிர் உடலையே ஊடுருவும். இதுவோ சிறிதளவு காற்றிலேயே அடங்கிவிடும். ஆகவே உணரியும் வெற்றிட அறைக்குள் போகவேண்டும்.

வெப்பநிலையை அறிவது எப்படி? வைக்கும் வெப்பமானி ஆவியாகிவிடுமே! காந்தப்புலத்தால் நெருக்கிய பிளாஸ்மாவுக்கு லாஸ் அலமோஸ் ஆய்வகத்தார் அதே 1960இல் கையாண்ட உபாயம் இங்கும் உதவியது. வெவ்வேறு தடிப்புள்ள இரு மென்தகடுகள், அவற்றின் பின்னால் இரு உணரிகள். வெப்பம் கூடக்கூடத் தடித்த தகட்டைக் கடக்கும் பங்கும் கூடும். இரண்டின் விகிதமே வெப்பநிலையைச் சொல்லும். ஒரு சம்பவத்தை இரு சாட்சிகளிடம் தனித்தனியே விசாரிக்கும் பத்திரிகைக்காரனுக்கு இது பழகிய முறைதான். ஆனால் தகட்டில் ஓர் ஊசித்துளை இருந்தால் போதும், சாட்சி பொய்யாகிவிடும். கணக்கு மட்டும் ஒழுங்காகவே வரும், அதுதான் ஆபத்து.

இந்தியாவில் இத்துறைக்குப் பெரிய களம் 1984இல் அடிக்கல் நாட்டப்பட்ட இந்தோர் மையம்; 2005இல் அது ராஜா ராமண்ணாவின் பெயரைப் பெற்றது. பின்னாளில் அதன் இயக்குநரான பி.டி. குப்தா லேசர் பிளாஸ்மா ஆய்வில் நெடுங்காலம் உழைத்தவர். 2003இல் மும்பையின் டாட்டா ஆய்வு நிறுவனத்தார், செப்பு நுண்துகள் பூசிய தகட்டிலிருந்து 13 மடங்கு வன் எக்ஸ் கதிர் கிடைப்பதாக அறிவித்தனர்.

அமெரிக்காவில் 2022 டிசம்பர் 5ஆம் திகதி, 2.05 மெகாஜூல் லேசருக்கு 3.15 மெகாஜூல் அணுக்கருப் பிணைவுச் சக்தி கிடைத்தது. எரிபொருள் உருண்டையை நசுக்கியது லேசர் நேரடியாக அன்று. அதனால் சூடேறிய உலோகக் குழலின் சுவர் உமிழ்ந்த மென் எக்ஸ் கதிரே. அக்கதிரை அங்கே அளக்கும் 'டான்டே' கருவிக்கு 18 தடங்கள். இரண்டு சாட்சிகள் பதினெட்டாகியுள்ளனர்.

நமது வாவிக்கோ ஒன்றுதான். 1954இல் அமெரிக்க யேசு சபைத் துறவி லாங் அடிகளார் செய்த ஒலிப்பதிவை 1960களில் இலங்கை வானொலி ஒலிபரப்பியது. ஓசை உண்டு என்பதற்கு அது சான்று. பாடியது மீனா ஊரியா என்பதற்கு அன்று. நீருக்குள் இரண்டு ஒலிவாங்கிகளைத் தள்ளித்தள்ளி இறக்கி ஒப்பிட்டால், எத்திசையிலிருந்து வருகிறது என்பதாவது தெரியவரும்.