நயினார்கோவில்: நாவும் மணலும்

பரமக்குடிக்கு அருகிலுள்ள நயினார்கோவிலில் நாகநாதசுவாமி கோயில் கொண்டிருக்கிறார். இஸ்லாமியரும் வழிபடும் தலம் இது. ஊர்ப்பெயருக்குத் தல வரலாறு ஒரு காரணம் சொல்கிறது. வாய்பேசாத மகளுடன் முல்லா ஒருவர் இங்கு வந்தாராம்; குளத்தில் முழுகி எழுந்த பெண் ‘நயினாரே’ என்று கூவினாளாம். நயினா என்று பெயர் வைப்போர் மிகுந்த கடற்கரைச் சீமை அல்லவா, அச்சொல் அவளுக்கு அந்நியமாய் இருந்திராது.

இக்கதையை வரலாறாகக் கொள்ளுமாறு நாம் கூறவில்லை. கதை முதற்சொல்லோடு நின்றுவிடுகிறது. நாம் கேட்க விரும்புவது அதற்கடுத்த கேள்வி. நாவில் வந்தது கைக்கு எவ்வாறு வருகிறது?

தமிழில் ‘எழுத்து’ என்ற ஒரே சொல் ஒலியையும் வரிவடிவையும் குறிக்கும். தொல்காப்பியத்தின் பிறப்பியல் கொப்பூழிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகிய எட்டு இடங்களால் ஒலியாவதை விளக்குகிறது. ஓலைச்சுவடியோ செவியை நம்பியே இருந்தது. பெரும்பாலும் புள்ளி இராது. ஏகார ஓகாரக் குறில் நெடில் வேறுபாடும் தெரியாது. ‘கொடு’ என்பதும் ‘கோடு’ என்பதும் ஓலையில் ஒன்றே. வீரமாமுனிவர் (1680–1747) செய்த திருத்தத்துக்குப் பின்னரே இவை கண்ணுக்குத் தனித்தனியாயின. அதுவரை, காதால் கேட்டுப் பாடம் செய்தவனே சுவடியைப் படிக்க இயன்றது.

திண்ணைப் பள்ளி இதை அறிந்திருந்தது. ‘ஆனா, ஆவன்னா’ என்று உரக்கச் சொல்லிக்கொண்டே பிள்ளைகள் மணலில் விரலால் எழுதினர். எழும்பூர் ஆண் அநாதைச் சிறுவர் விடுதியை 1789-இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளியொன்றில் மணலெழுத்தைக் கண்டு தம் விடுதியிலும் புகுத்தினார். 1797-இல் இலண்டனில் நூலாகவும் வெளியிட்டார். ஐரோப்பா பெரிதும் கொண்டாடியதோ மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் சட்டாம்பிள்ளை முறையை. செலவு குறைவல்லவா!

படிக்கத் தடுமாறும் குழந்தை, பெரிதாக எழுதிய சொல்லை வாயால் சொல்லியபடி விரலால் தடவிப் பழகும் முறையை அமெரிக்கரான கிரேஸ் பெர்னால்ட் 1943-இல் நூலில் விளக்கினார். அது நம் திண்ணையிலிருந்து போனதென்று உரிமை கொண்டாட நமக்குச் சான்றில்லை. ஆயினும் ஒற்றுமை வியப்பளிக்கிறது.

ஆஸ்பத்திரிகளில் ஸ்பீச் தெரபிஸ்ட் எனப்படுவோரின் வேலை இவ்விடத்தில்தான் நுட்பமாகிறது. மைசூரில் 1965-இல் அகில இந்தியப் பேச்சு, செவிப்புல நிறுவனம் தோன்றியது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பேச்சு மொழிக் குறைபாட்டையும் கற்றல் குறைபாட்டையும் தனித்தனியே பட்டியலிட்டது. பிள்ளையிடமோ அவை பலவேளை பிணைந்தே வருகின்றன; ஒலிகளைப் பிரித்துணர இயலாதவன் எழுத்துக்கூட்டவும் திணறுகிறான். அவனுக்கு வகுப்பில் கிடைக்கும் பெயர் ‘மக்கு’.

இன்னொரு சிக்கலும் உண்டு. வீட்டில் ‘வந்துச்சு’ என்னும் பிள்ளைக்குப் புத்தகத்தில் ‘வந்தது’ என்றிருக்கிறது. க என்ற ஒரே எழுத்து கல், பகல், தங்கம் மூன்றிலும் மூன்று விதமாய் ஒலிக்கிறது. தென்மாவட்டப் பிள்ளை ‘வாளப்பளம்’ என்று சொல்லி, சொன்னவாறே எழுதியும் வைக்கிறான். உடனே நாக்கைத் திருத்தப் புறப்படுவது தவறென்றே நாம் கருதுகிறோம். நல்ல வல்லுநர் முதலில் அவன் தாயைப் பேசச்சொல்லிக் கேட்பார். அவளும் ‘வாளப்பளம்’ என்றால், அது நோயன்று, ஊர்வழக்கு. ழகரத்தை அவனுக்குப் புத்தகத்தின் எழுத்தாகக் கற்றுக்கொடுத்தால் போதும்.