பாத மருத்துவம்: கல்முனைக் கரையோரம்

கால்விரல், உள்ளங்கால், குதிக்கால், கணுக்கால் ஆகியவற்றில் ஏற்படும் காயம், நோய், உருக்குலைவு என்பவற்றை ஆராய்ந்து சிகிச்சை அளிக்கும் துறை பாத மருத்துவம். பிரித்தானியாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் இது தனித் தொழில். நியூயோர்க்கில் இதற்கான கல்லூரி 1911இல் தொடங்கியது. இன்று அமெரிக்காவில் பாத வைத்தியராக விரும்புபவர் நான்காண்டுப் பட்டப்படிப்பையும் அதன்பின் மூன்றாண்டு வைத்தியசாலைப் பயிற்சியையும் முடிக்க வேண்டும். இலங்கையில் இந்த வேலை சத்திரசிகிச்சை நிபுணர், என்பு நிபுணர், அகஞ்சுரப்பியல் நிபுணர், தாதியர் எனப் பலரிடம் பிரிந்து கிடக்கிறது. அதனால் புண் வந்த பாதத்துக்கு மருந்து கட்ட ஆள் உண்டு. புண் வருமுன் பாதத்தைப் பார்ப்பது யாருடைய பொறுப்பு என்பதுதான் தெளிவில்லை.

கரையோரக் காயங்கள்

கிழக்கிலங்கையில் மருதமுனையிலிருந்து கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று வழியாகப் பொத்துவில் வரை நீளும் கரையோரத்தில் உழைப்பின் பாரம் பெரும்பாலும் பாதத்தில்தான் விழுகிறது. கரைவலை இழுப்பவர் வெறுங்காலால் மணலை உதைத்து நிற்கிறார். சம்மாந்துறை வயலில் இறங்குபவர் சேற்றில் நாளைக் கழிக்கிறார். மருதமுனை நெசவாளர் தறியை மிதிக்கிறார். திருக்கை முள், சிப்பி ஓடு, கண்ணாடித் துண்டு, துருப்பிடித்த ஆணி, சுடுமணல் ஆகியவை இங்கு வழக்கமான காயக் காரணங்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் 10,000க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அந்தப் பேரலை உலகச் சத்திரசிகிச்சையாளருக்குக் கற்பித்த பாடங்களில் ஒன்று, சேறும் கடல்நீரும் புகுந்த காயத்தை உடனே தைத்து மூடிவிடக் கூடாது என்பது. நன்கு கழுவித் திறந்தே வைத்திருந்து, சில நாள் கழித்து மூடுவதே பாதுகாப்பு.

வயல் மண்ணில் வேறோர் ஆபத்தும் உண்டு. மெலியோய்டோசிஸ் என்ற நோயைத் தரும் பக்டீரியா ஈரமண்ணில் வாழ்ந்து தோல் வெடிப்பு வழியாக உடலுக்குள் செல்லக்கூடியது. கொழும்புப் பல்கலைக்கழக நுண்ணுயிரியலாளர் எனோகா கொரெயாவும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வுகளால், இந்நோய் இலங்கையில் நிலைகொண்டிருப்பது உறுதியானது. நீரிழிவு உள்ளவர்களையே இது கூடுதலாகத் தாக்குகிறது.

நோகாத கால்

பாத ஆய்வின் மையக் கேள்வி நீரிழிவைச் சுற்றியே இன்று நிற்கிறது. 2005–2006 தேசிய ஆய்வில் இலங்கையின் வளர்ந்தோரில் 10.3 வீதத்தினருக்கு நீரிழிவு காணப்பட்டது. 2018–2019 ஆய்வில் இது ஐந்தில் ஒருவருக்கும் மேல். சீனி வருத்தம் என்று ஊரில் சொல்லப்படும் இந்நோய் நீண்டகாலம் கட்டுப்பாடின்றி இருந்தால் பாத நரம்புகள் மரத்துப்போகின்றன. பாதத்தின் சிறு தசைகள் மெலிந்து விரல்கள் வளைகின்றன. நடக்கும்போது உள்ளங்காலின் சில இடங்களில் மட்டும் பாரம் குவிகிறது. அங்கே தோல் தடித்து, அதன் அடியில் சதை நசுங்கிப் புண்ணாகிறது. வலியில்லாததால் நோயாளர் அதே காலில் நடந்துகொண்டே இருக்கிறார். இரத்தவோட்டமும் குறைந்திருந்தால் புண் ஆறாது. கிருமி எலும்பு வரை போகும். நீரிழிவு நோயாளர்களின் கால் அகற்றல்களில் மிகப் பெரும்பான்மை இப்படி ஒரு சிறு புண்ணில் தொடங்கியவை.

இந்த அறிவின் முக்கிய வேர் தமிழ்நாட்டில் இருக்கிறது. கொல்லிமலையில் 1914இல் பிறந்த சத்திரசிகிச்சை நிபுணர் போல் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து தொழுநோயாளரின் கைகால்களை ஆராய்ந்தார். தொழுநோய் சதையை அழுகச் செய்கிறது என்பது அந்நாளைய நம்பிக்கை. நோயாளரின் சதை மற்றவர்களுடையதைப் போலவே ஆறக்கூடியது, வலி தெரியாமல் திரும்பத் திரும்ப ஏற்படும் அழுத்தமே புண்ணுக்குக் காரணம் என்பதை அவர் நிறுவினார். உணர்விழந்த பாதத்தைப் பிளாஸ்டர் கட்டுக்குள் வைத்து அழுத்தத்தைப் பரப்பும் முறை இந்தியாவில் 1930களிலேயே கையாளப்பட்டது. பிராண்ட் அதை வளர்த்தெடுத்ததோடு, நுண்துளை ரப்பர் பதித்த செருப்புகளையும் செய்வித்தார். 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் வைத்தியசாலைக்குச் சென்றபின், நீரிழிவுப் பாதத்துக்கும் இதே சிகிச்சை பொருந்தும் என்று அவரும் சகாக்களும் காட்டினர். அந்தப் பிளாஸ்டர் கட்டு இன்றும் உள்ளங்கால் புண்ணுக்கான முதன்மைச் சிகிச்சைகளில் ஒன்று. மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவில் தொழுநோய் வைத்தியசாலை நடத்திய கிழக்கு மாகாணத்துக்கு இந்த வரலாறு அந்நியமானதல்ல. இலங்கையில் இன்றும் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புதிய தொழுநோயாளர் கண்டறியப்படுகின்றனர்.

வுளுவும் பாதமும்

இக்கரையோர முஸ்லிம் ஊர்களின் அன்றாட வாழ்வைச் சேர்க்காமல் இங்கே பாத ஆய்வு முழுமையடையாது. பள்ளிவாசலுக்குள் வெறுங்காலுடன்தான் செல்ல வேண்டும்; வெயிலேறிய முற்றத்தின் சூடு மரத்த காலுக்குத் தெரியாது. தொழுகையில் இடது காலை மடித்து அமரும் இருப்பால் கணுக்காலின் வெளிப்புறத்திலும் புறங்காலிலும் தோல் தடிப்பதைத் தோல் மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். உணர்வுள்ள காலில் அது வெறும் காய்ப்பு. உணர்விழந்த காலில் கவனிக்க வேண்டிய இடம். தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும் வுளுவைச் செய்தபின் விரலிடுக்கில் ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும். ஆனால் அதே வுளுவே பெரும் வாய்ப்பு. ஐவேளையும் விரலிடுக்குகளைக் கோதிக் கழுவும் சமூகத்துக்குப் பாதத்தைப் பார்க்கும் பழக்கத்தைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. கழுவும் கை ஒரு கணம் நின்று வெடிப்பு, கொப்புளம், நிறமாற்றம் உண்டா என்று பார்த்து, துணியால் ஈரத்தை ஒற்றியெடுத்தால் போதும். வெள்ளிக்கிழமைக் குத்பா உரையில் இதைச் சொல்லக்கூடிய ஓர் ஆலிம் (மார்க்க அறிஞர்), பல துண்டுப்பிரசுரங்களுக்கு மேலான பயன் தருவார்.

கரையோரத்தின் ஒரு வீட்டு வைத்தியத்திலும் எச்சரிக்கை தேவை. திருக்கை குத்திய காலை ஏறத்தாழ 45 பாகை செல்சியஸ் வெந்நீரில் வைப்பது வலியைத் தணிக்கும், மருத்துவம் ஏற்ற முறை. நீரிழிவுக்காரர் அந்த நீரின் சூட்டைத் தன் காலால் சோதிக்கக் கூடாது; வீட்டார் ஒருவர் கையால் பார்க்க வேண்டும்.

பயிற்சி

பாத மருத்துவத்துக்கெனத் தனிப் பட்டம் இல்லாத நாடுகளில் என்ன செய்யலாம் என்பதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. நெதர்லாந்தின் காரெல் பக்கர், தான்சானியாவின் அப்பாஸ், நாக்பூரின் சரத் பெண்ட்சே ஆகியோர் முன்னின்று நடத்திய ‘படிப்படியாக’ என்ற திட்டம், இந்தியா, பங்களாதேஷ், இலங்கை, தான்சானியா முதலிய நாடுகளில் 2004 வாக்கில் தொடங்கியது. ஒவ்வொரு நிலையத்திலிருந்தும் ஒரு வைத்தியரும் ஒரு தாதியும் இணையாகப் பயின்றனர். முதலில் அடிப்படை, ஓராண்டு அனுபவத்தின் பின் உயர்நிலை. சென்னை ராயபுரத்தின் எம். விஸ்வநாதன் நீரிழிவு மருத்துவமனையும் பாத ஆய்வில் நீண்டகாலமாக ஈடுபட்டு வருகிறது. செயற்கைக் காலும் தாங்கு கருவிகளும் செய்வோருக்கு இலங்கையின் ராகமையில் 2004இல் ஒரு பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பட்டது.

அடிப்படைப் பரிசோதனைக்குப் பெரிய இயந்திரம் வேண்டாம். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலோன் இழையால் உள்ளங்காலைத் தொட்டு உணர்வு பார்ப்பதும், விரலால் பாத நாடி பிடிப்பதும் சில நிமிட வேலை. கல்முனைக்கெனத் தனிப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனை உண்டு. அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை, கல்முனை வடக்கு, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆதார வைத்தியசாலைகள் உண்டு. ஒவ்வொரு நீரிழிவு கிளினிக்கிலும் இதற்கெனப் பயின்ற ஒரு தாதியை நியமிப்பது, பட்டப்படிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டிய காரியமன்று.

நீரிழிவு உள்ளவர் காலில் புதிய புண், சீழ், துர்நாற்றம், கருமை, காரணமில்லாத வீக்கமோ சூடோ கண்டால், வலி இல்லை என்று இருந்துவிடாமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.