உப்பை அளந்த கதை

பாலாற்றங்கரையில் உப்பை முதலில் அளந்தது நாக்குதான். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை வட்டாரத்தில் கிணற்று நீர் கரிக்கத் தொடங்கியதை உழவர்கள் எந்தக் கருவியும் இன்றி அறிந்துகொண்டார்கள். ஆனால் நாக்கின் சாட்சியம் வழக்குமன்றத்தில் செல்லாது. அங்கே எண் வேண்டும். அந்த எண் எப்படிப் பிறக்கிறது, பிறக்கும் வழியில் எங்கெல்லாம் பிழைபடுகிறது என்பதும் இந்தத் தோல் நகரங்களின் வரலாற்றில் ஒரு பகுதியே.

பழைய பதனிடுதலில் அளவுகள் கைவசமே இருந்தன. ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறிய தோலை மடித்தும் அழுத்தியும் பார்த்துத் தொழிலாளர் பதம் சொன்னார்கள். 1970களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்கு இந்திய அரசு கட்டுப்பாடு விதித்த பிறகு, குரோமியப் பதனிடல் இங்கே வேகமாகப் பரவியது. பதனிட்ட துண்டொன்றைக் கொதிநீரில் இட்டு, சுருங்குகிறதா என்று பார்ப்பது அத்தொழிலின் சோதனை. இவையெல்லாம் தோலைப் பற்றிய அளவுகள். தோல் அழுகாதிருக்கத் தடவிய உப்பு முதல் ஊறலிலேயே கழிவுநீரில் கரைந்து வெளியேறியது. அதை அளக்க நெடுங்காலம் எவரும் முனையவில்லை.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்தை நாடியபோது நிலைமை மாறியது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனது என்ற கணிப்பு அத்தீர்ப்பில் இடம்பெற்றது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் வேரூன்றியதில் இத்தீர்ப்புக்குப் பெரும்பங்கு உண்டு. இழப்பீட்டை நிர்ணயிக்க ஓர் ஆணையமும் அமைந்தது. கழிவுநீரில் கரைந்துள்ள திண்மங்கள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு ஆலை முதலாளிக்கும் உழவருக்கும் ஒருசேரத் தெரிந்த எண்ணாயிற்று.

2014 பிப்ரவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், தோல் ஆலைகள் உள்ளிட்ட பெருமாசுத் தொழில்களும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் தொடர்ந்து அளக்கும் கருவிகளைப் பொருத்த வேண்டுமென உத்தரவிட்டது. மாதிரிப் புட்டி ஆய்வகத்துக்குச் சென்ற காலம் போய், நீரில் மூழ்கிய மின்முனையிலிருந்து எண் நேரே திரைக்கு வரும் காலம் வந்தது.

அந்த எண் பல கைகள் மாறித்தான் வருகிறது. உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும். அதை மாறுதிசை மின்னோட்டம் கொண்டு பிழையின்றி அளக்கும் வழியை 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானிய அறிஞர் கோல்ராவுஷ் காட்டிவிட்டார். மின்முனை உணர்ந்த கடத்துதிறன் 4 முதல் 20 மில்லிஆம்பியர் வரையிலான மின்னோட்டமாகக் கம்பியில் பயணம் செய்கிறது. தரவு சேகரிக்கும் அட்டை அதை இலக்கமாக்குகிறது. ஒரு நிரல் அந்த இலக்கத்தை மில்லிகிராமாக மாற்றுகிறது. இத்தகைய நிரல்களை எழுதாமல் வரைவதற்கென்றே, அமெரிக்காவின் ஆஸ்டின் நகரத்து நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 1986இல் லேப்வியூ என்ற மென்பொருளை வெளியிட்டது. அதில் கட்டங்களைக் கோடுகளால் இணைக்க வேண்டும். ஒரு கட்டத்துக்கு வரவேண்டிய தரவெல்லாம் வந்து சேர்ந்த பின்னரே அது இயங்கும். இணைப்பு தவறானால் மேலேயுள்ள அம்புக்குறி உடைந்து காட்டும்.

உடைந்த அம்பு நல்ல பிழை. அது கூவி அழைக்கிறது. கம்பி அறுந்தாலும் அப்படியே: சுழியம் என்ற அளவுக்கே 4 மில்லிஆம்பியர் உண்டு என்பதால், மின்னோட்டம் அற்றுப்போனால் அது தூய நீர் அன்று, அறுந்த கம்பி என்று உடனே தெரியும். அஞ்ச வேண்டியவை ஊமைப் பிழைகள்.

கருவியின் உச்ச அளவு 10,000 மில்லிகிராம். நிரலில் எவரோ 5,000 என்று பதிந்துவிட்டார் எனக் கொள்வோம். நீரில் 3,600 இருக்கும்போது திரை 1,800 என்று காட்டும். வரம்பு மீறிய நீர் வரம்புக்குள் அடங்கிவிடும்; அம்பும் உடையாது. மறுபக்கமும் உண்டு. கடத்துதிறன் வெப்பநிலை ஒரு பாகை உயர்ந்தால் ஏறக்குறைய 2 விழுக்காடு கூடும். 25 பாகைக்கு ஈடுசெய்யாத கருவி, 40 பாகை வெப்பமுள்ள நீரில் 2,000ஐ 2,600 என்று காட்டி, குற்றமற்ற ஆலையைக் குற்றவாளியாக்கும். கடத்துதிறனை உப்பளவாக்கும் பெருக்கெண் நீருக்கு நீர் மாறும். 4,000 மைக்ரோசீமன்ஸை 0.5ஆல் பெருக்கினால் 2,000, 0.7ஆல் பெருக்கினால் 2,800. மின்வலையின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் கம்பியில் ஏறியிருக்க, அட்டை நொடிக்குப் பத்து முறை மட்டும் தொட்டுப் பார்த்தால், அது இரைச்சலாகத் தெரியாது. மெல்ல நகரும் உண்மையான அளவு போலவே தோன்றும்.

ஆகவே பிழை தேடுபவர் திரையில் தொடங்கக்கூடாது, நீரில் தொடங்க வேண்டும். முதலில் மின்முனையில் படிந்த கொழுப்பையும் சுண்ணாம்பையும் கழுவி, 25 பாகையில் 1,413 மைக்ரோசீமன்ஸ் காட்டவேண்டிய பொட்டாசியம் குளோரைடு கரைசலில் அதை நிறுத்திப் பார்க்க வேண்டும். அடுத்து, மின்முனையைக் கழற்றிவிட்டு அறிந்த மின்னோட்டமொன்றைக் கம்பியில் செலுத்தி, அட்டை அதையே படிக்கிறதா என்று காண வேண்டும். கம்பியின் மேலுறை இரண்டு முனைகளிலும் நிலத்தோடு இணைக்கப்பட்டிருந்தால், பம்பு மோட்டார்களின் மின்கசிவு உள்ளே புகும். ஒரு முனை போதும். நிரல் இறுதியில்தான். அங்கும் ஒவ்வொரு கோட்டிலும் ஓடும் மதிப்பை நிறுத்திப் பார்க்க வழியுண்டு. சாசனம் படிப்பவர் படியெடுத்தோரின் பிழைகளை ஒவ்வொன்றாக நீக்கி மூலத்துக்குச் செல்வது போன்றதே இந்த வேலையும்.

பிழையற்ற அளவும் தான் அளப்பதை மட்டுமே சொல்லும். 2015 ஜனவரி 31 அன்று விடியலுக்கு முன் இராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் உட்பட 10 பேர் மாண்டனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். நீரின் உப்பை அறியும் மின்முனை, சுவர் தாங்கும் பாரத்தை அறியாது.

அதற்குப் பத்தாண்டுகள் கழித்து, 2025 ஜனவரி 30 அன்று, உச்ச நீதிமன்றம் வேலூர்த் தோல் ஆலைகளின் மாசு குறித்து மீண்டும் தீர்ப்பளித்தது. இழப்பீடும் சூழலை மீட்கும் கடமையும் இன்னும் தீரவில்லை என்பதே அதன் சாரம். அக்கடமை நிறைவேறியதா என்பதை இனியும் எண்களே சொல்லப்போகின்றன. அவற்றை நம்புவதற்கு முன் ஒருவர் மின்முனையைக் கழுவி, கம்பியைத் தொட்டு, பெருக்கெண் எங்கிருந்து வந்தது என்று கேட்டாக வேண்டும். எண் அமைதியாக இருக்கிறது என்பதற்காகக் கிணறு இனித்துவிடாது.