விரிவுரையும் குறிப்பேடும் ஒலிப்பதிவும்: ஒரு வரலாற்று நோக்கு

பல்கலைக்கழகக் கல்வியின் வரலாற்றை எழுதுவோர் சட்டங்களையும் துணைவேந்தர்களையும் கட்டடங்களையுமே பெரும்பாலும் கணக்கிலெடுப்பர். வகுப்பறையில் ஆசிரியர் பேசியது எவ்வாறு மாணவரைச் சென்றடைந்தது, அதனைத் தமதாக்கிக்கொண்டோர் யாவர், இழந்தோர் யாவர் என்னும் வினாக்கள் எழுப்பப்படுவது அரிது. விரிவுரைகளைப் பதிவுசெய்து மாணவருக்கு வழங்குதல் பற்றி வாதங்கள் எழுந்துள்ள இக்காலத்தில், இவ்வினாக்களை வரலாற்றடிப்படையில் நோக்குதல் இன்றியமையாததென நாம் கருதுகின்றோம்.

1921 இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி, இலண்டன் பல்கலைக்கழகப் பட்டங்களுக்கு மாணவரை ஆயத்தஞ்செய்தது. தேர்வின் தராதரம் கடலுக்கப்பால் தீர்மானிக்கப்பட்ட அச்சூழலில், விரிவுரைக் குறிப்பு தேர்வுக்கான கருவியாயிற்று. 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது இம்மரபும் உடன்வந்தது. 1943 இல் அதன் முதல் தமிழ்ப் பேராசிரியராகப் பொறுப்பேற்ற சுவாமி விபுலாநந்தர், 1947 இல் யாழ் நூல் அரங்கேறிய சில வாரங்களில் மறைந்தார். பண்டைத் தமிழரின் இசையை ஆராய்ந்த அவ்வறிஞரை இன்று நாம் எழுத்தின் வழியாகவே அறிகின்றோம்.

இதனாற் குறிப்பேட்டை இழிவாக எண்ணுதல் தவறாகும். பேர்டினண்ட் டி சசூர் 1907 முதல் 1911 வரை ஜெனீவாவில் ஆற்றிய விரிவுரைகள், அவர் இறந்தபின் மாணவர் குறிப்புகளைக் கொண்டே 1916 இல் நூலாகத் தொகுக்கப்பட்டன. நவீன மொழியியலின் அடித்தளமாக அமைந்தது அந்நூலேயாகும். எனினும் குறிப்பெடுத்தவன் விளங்கிக்கொண்டதே எஞ்சும் என்பதும், தொகுத்தவர் கைபட்டே அது நம்மை அடையும் என்பதும் மறக்கத்தக்கவை அல்ல.

நம் நாட்டில் நிலைமை மேலும் சிக்கலானது. 1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், 1960 அளவிற் கலைத்துறையிற் புகுந்த தாய்மொழிவழிக் கல்வியும் புதிய சமூகப் பிரிவினரைப் பல்கலைக்கழகத்துக்குக் கொணர்ந்தன. விவசாயிகளினதும் தொழிலாளரினதும் சிறு உத்தியோகத்தரினதும் பிள்ளைகள் தமிழில் உயர்கல்வி கற்கத் தலைப்பட்டனர். ஆனால் பொருளியலுக்கும் வரலாற்றுக்கும் உரிய அடிப்படை நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருந்தன. வி. செல்வநாயகத்தின் தமிழ் இலக்கிய வரலாறு (1951) போன்ற நூல்கள் எல்லாத் துறைகளிலும் தோன்றிவிடவில்லை. ஆங்கிலத்திற் கற்ற ஆசிரியர் தமிழிற் கூறும் சொல்லே பாடநூலின் இடத்தைப் பெற்றது. விளக்கியுரைத்தல் குறிப்புச் சொல்லுதலாகச் சுருங்கியது இவ்வாறேயாகும். மாணவனின் ஐயமும் மறுப்பும் எழுத்தின் வேகத்தில் அடங்கிப்போயின. இதனை ஆசிரியர் சிலரின் சோம்பலெனக் கொள்வது எளிது. நூலின்மை என்னும் பொருளடிப்படையே அதன் காரணம் என்பதே உண்மை.

வகுப்பறைக்கு வெளியே குறிப்பு விலைப்பொருளுமாயிற்று. வெளிவாரிப் பட்டத்துக்குத் தோற்றுவோர்க்கெனத் தனியார் வகுப்புகளும் றோணியோப் பிரதிகளும் பெருகின. வடக்குக் கிழக்கிலிருந்து போரினால் இடம்பெயர்ந்து வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இத்தகைய வகுப்புகளே பல வேளைகளிற் கல்வியின் தொடர்ச்சியாக அமைந்தன. பணமுள்ளவன் பிரதியை வாங்கினான்; இல்லாதவன் இரவல் பெற்று இரவிற் படியெடுத்தான்.

2020 மார்ச்சில் பெருந்தொற்றினாற் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, இலங்கைக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பின் ஊடாக விரிவுரைகள் இணையத்தில் நிகழ்ந்தன. பல்கலைக்கழகத் தளங்களுக்கான தரவுக் கட்டணத்தைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் நீக்கியமை பாராட்டத்தக்கதே. ஆயினும் கொட்டாஞ்சேனையின் ஒற்றையறை வீட்டில் ஒரே கைபேசியைப் பகிர்ந்த மாணவனுக்கும், அலைவரிசை கிடைக்காத மலையகத் தோட்டத்து மாணவிக்கும் கட்டண நீக்கம் மட்டும் போதவில்லை. குறித்த நேரத்திற் கேட்கவியலாத இவர்களுக்கே பதிவு பெரிதும் உதவக்கூடியது. தவறவிட்ட பகுதியை மீளக் கேட்கலாம். விளங்காத கலைச்சொல்லில் நின்று சிந்திக்கலாம். பார்வைக் குறைபாடுடையவர் செவிவழி கற்கலாம்.

அவ்வாறாயின் ஆசிரியரிற் சிலர் தயங்குவது ஏன்? அத்தயக்கத்தைப் பிற்போக்கெனத் தள்ளிவிடுதல் நியாயமன்று. 1979 இற் பயங்கரவாதத் தடைச் சட்டம் இயற்றப்பட்டு, அதன் நிழலிற் பல ஆண்டுகள் கழிந்த நாடு இது. வகுப்பறையிற் சுதந்திரமாகக் கூறிய ஒரு கருத்து, வெட்டியெடுக்கப்பட்டு வேறோரிடத்திற் சான்றாகலாம் என்னும் அச்சம் கற்பனையன்று. ஒருவரின் உழைப்பு ஒருமுறை பதிவாகியபின் அவரே தேவையற்றவராகலாம் என்பதும் உழைப்பாளரின் நியாயமான ஐயமே.

எனவே பதிவு வேண்டுமா, வேண்டாமா என்பதன்று வினா. அது யாருடைய கட்டுப்பாட்டில், யாருடைய நலனுக்கு என்பதே வினா. பேசியவரின் இசைவும் கற்போரின் உரிமையும் ஒருங்கே பேணப்படுதல் வேண்டும். பதிவு குறிப்புச் சொல்லுதலின் சுமையை ஏற்குமாயின் வகுப்பறை மீண்டும் விவாதத்தின் களமாகலாம். அவ்வாறன்றிப் பழைய குறிப்பேட்டையே புதிய கருவி ஒப்புவிக்குமாயின் நாம் பெறும் பயன் சிறிது.

இன்னுமொன்று கூறவேண்டும். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம், ஈழத்து எழுத்தைப் பல்வேறிடங்களிற் பேணும் அரும்பணியைச் செய்துவருகின்றது. தமிழில் உயர்கல்வி புகட்டிய தலைமுறைகளின் பேச்சும் அவ்வாறே பேணத்தக்கது. பழைய மாணவரின் பேழைகளிற் கிடக்கும் குறிப்பேடுகளையும் ஒலிநாடாக்களையும் தேடித்தொகுக்கும் பணியைப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் தாமே தொடங்கலாம். காலந்தாழ்த்தின் தேடுவதற்கும் எதுவும் எஞ்சாது.